கொசுக்காரர் கொடுத்த புகார்

கொசுவை அடிக்கத் தெரியாத கை என்று உலகத்தில் ஒன்று இருக்குமானால், அது பல்கலைக்கழகத் தொற்றுநோய் ஆய்வுத் துறையின் மூன்றாம் மாடியில், கடைசி அறையில் இருந்தது. அந்தக் கைக்கு உரியவருக்கு வயது ஐம்பத்தொன்று. அலுவலகக் காகிதங்களில் அவருடைய பதவி ‘பூச்சியறை உதவியாளர், இரண்டாம் நிலை’. முதல் நிலை உதவியாளர் என்று ஒருவர் அங்கே எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆகவே இரண்டாம் நிலையில் இருந்துகொண்டே அந்த அறைக்கு அவர்தான் எல்லாம். வாயிற்காவலர் முதல் துணைவேந்தர் வரை அவரைக் கொசுக்காரர் என்றுதான் சொன்னார்கள். வீட்டு மின்கட்டண ரசீதில் வேறு பெயர் இருப்பதாகக் கேள்வி.

பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் அவர் நூலகத்தில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தார். பூச்சியறையில் இருந்தவர் நீண்ட விடுப்பில் போக, “ரெண்டே ரெண்டு வாரம் பாத்துக்கோங்க” என்று இவரை அனுப்பினார்கள். அந்த இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை.

வேலை என்னவோ எளியதுதான். வெள்ளைத் தட்டுகளில் தண்ணீர் ஊற்றி, கொசு முட்டைகளை மிதக்கவிட வேண்டும். புழு வெளிவந்ததும் மீன் தீவனத்தை மாவாக இடித்து, ஒரு சிட்டிகை தூவ வேண்டும். ஒரு சிட்டிகை குறைந்தால் பட்டினி. கூடினால் தண்ணீர் நாறிப்போய்ச் சாவு. அது கூட்டுப்புழு ஆனதும் சொட்டுக் குழாயால் ஒவ்வொன்றாக உறிஞ்சிக் கிண்ணத்தில் விட்டு, வலைக்கூண்டுக்குள் வைக்க வேண்டும். இரண்டு நாளில் கூண்டு நிறையக் கொசு. அவற்றில் ஆண் இனம் சாது. சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு ஒன்று போதும், வாழ்ந்து முடித்துவிடும். பெண்ணுக்குத்தான் முட்டை வைக்க ரத்தம் வேண்டும். அதற்காகத் துறை ஒரு விலையுயர்ந்த இயந்திரம் வாங்கியது. சவ்வுக்குப் பின்னால் ரத்தத்தை இளஞ்சூட்டில் வைத்துப் பரிமாறும் இயந்திரம். கொசுக்கள் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கூண்டின் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டன. மூன்றாம் நாள் பொறுக்கமாட்டாமல் கொசுக்காரர் சட்டைக் கையை மடித்து முழங்கை வரை உள்ளே நுழைத்தார். அன்றிலிருந்து இயந்திரத்தின் மேல் அவருடைய சாப்பாட்டு டப்பா இருக்கிறது.

இதில் யாரும் பயப்பட வேண்டியதில்லை. அவருடைய கொசுக்கள் நோய் என்றால் என்னவென்றே அறியாதவை. மலேரியாக் கிருமியைக் கொசுவுக்குள் ஏற்றிப் பார்க்கும் வேலையெல்லாம் மூன்று கதவு தாண்டி வேறொரு அறையில் நடக்கும். இவர் வளர்த்து, எண்ணி, கொடுத்து அனுப்புவதோடு சரி. ஆனால் அந்த வம்சம் சாதாரணமானதல்ல. கொசு மருந்துகள் ஊருக்குள் வருவதற்கு முன்னால் பிடித்து வளர்த்த குடும்பம். எந்த விஷமும் பழகாதது. கிருமி எந்தக் கொசுவில் எத்தனை நாளில் முதிர்கிறது என்ற அந்தத் துறையின் கணக்கெல்லாம் இந்த ஒரு குடும்பத்தை வைத்துத்தான். இது அழிந்தால் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

பூச்சியறை வாசலில் பச்சை அட்டை போட்ட ஒரு பதிவேடு தொங்கும். கை கொடுப்பவர் தினமும் காலையில் அதில் கையெழுத்திட வேண்டும். ‘நான் இன்று நலமாக இருக்கிறேன். காய்ச்சல் இல்லை. எந்த மருந்தும் உட்கொள்ளவில்லை.’ நீண்ட அனுபவத்தால் கொசுக்காரர் இதற்கு ஒரு முறை வைத்திருந்தார். மாதத்தின் முதல் தேதி, தேநீர் வருவதற்குள், முப்பது நாளுக்கும் சேர்த்துப் போட்டுவிடுவார். இதை ஏமாற்று வேலை என்று சொல்வது அபாண்டம். வரப்போகும் ஒரு மாதம் முழுக்க நலமாக இருப்பேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிற தன்னம்பிக்கை எத்தனை பேருக்கு உண்டு?

அந்த மாதமும் முதல் தேதியிலேயே நலமாக இருந்து முடித்தார். ஆனால் நீண்ட விடுமுறைக்கு விடுதியிலிருந்து வந்திருந்த மகள், இரண்டு பை அழுக்குத் துணியோடு ஓர் அரிப்பையும் கொண்டுவந்திருந்தாள். விரல் இடுக்கில் ஆரம்பித்தது மணிக்கட்டுக்கு ஏறி, இடுப்புக்கு இறங்கி, பிறகு வீட்டில் உள்ள மூவருக்கும் பாரபட்சமின்றிப் பரவியது. மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் சொறி என்றார். தோலுக்குள் குடைந்து குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியாம். ஆளுக்கு நான்கு மாத்திரை, வீட்டில் எல்லோரும் ஒரே நாளில். சரியாக ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. துணியெல்லாம் கொதிநீரில்.

மனைவி கதவைச் சாத்திவிட்டு ஆணையிட்டாள்.

“ஏங்க, இது இந்த நாலு சுவத்துக்கு வெளிய போகக்கூடாது. பக்கத்து வீட்டுக்குத் தெரிஞ்சா நம்ம கொடிக்கயிறு இருக்கிற பக்கம்கூடத் திரும்ப மாட்டாங்க.”

வெளியே போகவில்லை. அலுவலகத்தில் அவர் சொறிந்துகொண்டபோதெல்லாம் பார்த்தவர்கள், பாவம் எத்தனை கொசு கடித்ததோ என்று இரக்கப்பட்டார்கள். அவருடைய கை கொசுக்கடிக்குத் தடித்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன என்பது யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மூவரும் மாத்திரை விழுங்கினார்கள். திங்கட்கிழமை காலையில் அவர் வழக்கம்போல அறையை இருட்டாக்கி, கூண்டின் மேல் கறுப்புத் துணி போர்த்தி, பெரிய கூண்டுக்குள் கையை விட்டார். ஆயிரத்து எழுநூறு பெண்கள் பந்தியில் உட்கார்ந்தார்கள்.

செவ்வாய் மாலை கூண்டின் தரைத்தாளில் முப்பது நாற்பது கொசுக்கள் மல்லாந்து கிடந்தன. சிலவற்றுக்குக் கால் இழுத்துக்கொண்டிருந்தது. புதன் காலையில் தாளே தெரியவில்லை.

கொசுக்காரர் கூண்டைத் தட்டினார். ஊதினார். வாயில் வைத்து உறிஞ்சும் கண்ணாடிக் குழாயால் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அது பறக்கவும் இல்லை, கடிக்கவும் இல்லை. ஐந்தாம் வருட ஆய்வு மாணவி வந்து பார்த்துவிட்டு அப்படியே முக்காலியில் உட்கார்ந்தாள். எத்தனையாம் வருடம் என்று கேட்டால் நாலரை என்பாள். அவளுடைய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் அந்தத் தாளின் மேல் மல்லாந்து கிடந்தது.

பேராசிரியையை அழைத்தார்கள். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். வாசலுக்குப் போய்ப் பதிவேட்டைப் புரட்டினார். திரும்பி வந்து, இன்னொரு செய்தியும் சொன்னார். பக்கத்துக் கணினித் துறை இந்த அறையைக் கேட்டிருக்கிறது. குளிரூட்டி, ஈரப்பதம் எல்லாம் தயாராக இருக்கும் அறை என்பதால் அவர்களுக்கு நாக்கில் நீர் ஊறுகிறது. அடுத்த வெள்ளிக்கிழமை குழு வருகிறது. அன்றைக்கு இங்கே உயிருள்ள வம்சம் இருந்தால் அறை நமக்கு, இல்லையென்றால் கணினிக்கு. கொசுக்காரருக்கு வாகன நிறுத்தத்தில் சீட்டுக் கிழிக்கும் இடம் காலியாக இருக்கிறதாம்.

சீட்டுக் கிழிப்பதில் அவருக்கு ஒன்றும் அவமானமில்லை. ஆனால் இத்தனை வருடம் ரத்தம் கொடுத்து வளர்த்த குடும்பம் தன் கண் முன்னால் பூண்டோடு போவதை எந்த மனிதன் பொறுப்பான்? உடனே முட்டை எடுத்தாக வேண்டும் என்று அன்றே இரண்டாவது கூண்டுக்கும் கை கொடுத்தார். ஆறுதலாக அரைமணி நேரம் கூடுதலாகவே கொடுத்தார். பிறகு கொலைகாரனைத் தேடிக் கிளம்பினார்.

கொலைகாரன் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. திங்கட்கிழமைதோறும் வளாகப் பராமரிப்புப் பிரிவு புகை போடும். ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு பிரிவு கொசு வளர்க்க, இன்னொரு பிரிவு கொசு கொல்ல, இரண்டு பிரிவும் வருடக் கடைசியில் சாதனை அறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தன. கட்டடத்திலிருந்து ஐம்பது அடிக்கு அப்பால்தான் புகை என்று ஏற்கெனவே ஓர் உடன்படிக்கையும் இருந்தது. நேராகப் பராமரிப்பு அதிகாரியின் அறைக்குள் நுழைந்தார்.

“உங்க புகை என் பிள்ளைங்களைக் கொன்னுடுச்சு சார்.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “எந்தப் பிள்ளைங்க?”

“ஆயிரத்து எழுநூறு பேர்.”

அதிகாரிக்கு முகம் வெளுத்துவிட்டது. தண்ணீர் குடித்தார். பேசியவர் யார் என்று பிறகுதான் நிதானித்துப் பார்த்தார்.

“என்னய்யா நீங்க, ஒரு நிமிஷம் என் உசுரே போயிடுச்சு. கொசு சாகத்தான் புகை போடுறோம். செத்துச்சுன்னா எனக்குப் பாராட்டுக் கடிதம்தான வரணும்?”

வந்தது புகார்க் கடிதம். கொசுக்காரர் வெள்ளைத்தாளில், கோடு போட்டு, தம் கைப்பட எழுதினார். ‘இக்கொலைக்குக் காரணமானவர் எவராயினும், எப்பதவியில் இருப்பவராயினும், தயவு தாட்சண்யமின்றிக் கண்டுபிடித்து, இனிமேல் பூச்சியறைக் கூண்டுகளின் அருகே அண்டவிடாதபடி செய்ய வேண்டுகிறேன்.’ ஆய்வு மாணவி படித்துவிட்டு, இவ்வளவு காரம் வேண்டுமா என்றாள். போதாது என்று ‘எவராயினும்’ என்பதன் கீழே ஒரு கோடு போட்டார். மூன்று பிரதி. ஒன்று துணைவேந்தருக்கு.

வியாழனும் போய் வெள்ளி வந்தது. ஜன்னல் இடுக்கெல்லாம் ஈரத்துணி அடைத்து, கதவுக்குக் கீழே சாக்கு விரித்து, புகை என்ன காற்றுக்கூட அனுமதி கேட்டு வர வேண்டிய நிலையில் இருந்த அறைக்குள், இரண்டாவது கூண்டும் செத்துப்போனது.

மீதி இருந்தது மூன்றாவது கூண்டு மட்டும். கடைசித் தட்டிலிருந்து அன்றுதான் வெளிவந்த நானூறு பெண்கள், ஏறக்குறைய அதே அளவு ஆண்கள். இன்னும் ஒரு வாய் ரத்தம் குடிக்காதவை. அதற்கு மேல் முட்டையும் இல்லை, புழுவும் இல்லை. பஞ்சை மாற்றினார்கள். சர்க்கரையை மாற்றினார்கள். தண்ணீரை இரண்டு முறை காய்ச்சினார்கள். கூண்டருகே யாரும் உரக்கத் தும்மக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். மனைவி தண்ணீர்ச் சொம்போடு வந்து அவர் உள்ளங்கையில் நான்கு மாத்திரைகளை வைத்தாள். இரண்டாம் தவணை. அவர் அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாமே செத்துவிட்டதா என்று மகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“ஆம்பளைங்க ஒருத்தனும் சாகலம்மா. பெரிய கூண்டுல பறந்துக்கிட்டுத்தான் இருக்கானுங்க. செத்ததெல்லாம் பொம்பளைங்க.”

மனைவி சொம்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். “அங்கயும் அப்படித்தானா? அந்த ஆம்பளைங்க நாள் பூரா என்ன செய்றாங்க?”

“என்ன செய்வாங்க, சர்க்கரைத் தண்ணி குடிச்சிட்டு உக்காந்திருப்பாங்க.”

“பொம்பளைங்க?”

“அவங்களும் அதைத்தான் குடிப்பாங்க. அதுக்கு மேல என் ரத்தம்.”

“அப்புறம் என்ன, உங்க ரத்தத்துலதான் கோளாறு. இருபத்தஞ்சு வருஷமா நானும் அதைத்தான் சொல்றேன். மாத்திரையைப் போடுங்க, தண்ணியைப் பிடிச்சிக்கிட்டு எவ்வளவு நேரம் நிக்கறது.”

வாய்க்கு அருகே போன கை அந்தரத்தில் நின்றது. புகை வந்தால் ஆணும் சாக வேண்டும். சர்க்கரை கெட்டிருந்தால் ஆணும் சாக வேண்டும். ஆண் தொடாதது, பெண் தொட்டது, அந்த அறைக்குள் ஒன்றே ஒன்றுதான். அது முழங்கை வரை தோலோடு கூண்டுக்குள் போய்வருவது. தோலுக்குள் இருக்கிற பூச்சியைக் கொல்லும் மாத்திரை, ரத்தம் வழியாகத்தானே தோலுக்குப் போக வேண்டும்?

மற்றவராக இருந்தால் மாத்திரையைத் தூக்கி எறிந்திருப்பார். கொசுக்காரர் பத்தொன்பது வருடம் விஞ்ஞானிகள் நடுவே டப்பா திறந்து சாப்பிட்டவர். சந்தேகம் உண்மைதானா என்று பார்க்க வேண்டுமானால் மருந்து உடம்பில் இருந்தாக வேண்டும். நான்கையும் வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தார். அவர் முகத்தில் ஒரு வாரமாக இல்லாத பிரகாசத்தைக் கண்டு, மருந்து இவ்வளவு சீக்கிரம் பிடிக்குமா என்று மனைவி வியந்தாள்.

இனி வேண்டியது மருந்து கலக்காத ஒரு கை. ஆய்வு மாணவிக்கு ஒரு கொசு கடித்தாலே கை பூசணிக்காய் அளவுக்கு வீங்கும். பேராசிரியையிடம் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். மனைவியின் தம்பிக்குத் தொலைபேசி செய்தார். மச்சான் காப்பீட்டு முகவர். ஏதோ ஓர் ஏணியைத் திருப்பிக் கொடுக்காத தகராறில் இரண்டு மாதமாக வீட்டுப் பக்கம் வரவில்லை. ஆகவே அரிப்பும் அவரை அண்டியிருக்க வாய்ப்பில்லை.

“மாப்ளே, ஒரு அவசர உதவி.”

“எவ்வளவு அத்தான்?”

“பணம் இல்ல. ரத்தம்.”

மறுமுனையில் குரல் பதறியது. “அக்காவுக்கா?”

“இல்ல. ஒரு இருபத்தஞ்சு பேருக்கு. கொஞ்சம் கொஞ்சமாக் கொடுத்தாப் போதும்.”

ஏணியை மன்னித்து மச்சான் திங்கட்கிழமை காலையில் வந்தார். ஆய்வு மாணவியிடம் கொசுக்காரர் ஒரு சந்தேகம் என்று மட்டும் சொன்னார். எந்த மாதிரிச் சந்தேகம் என்று அவள் கேட்கவில்லை. ஆனால் சந்தேகத்தை எப்படிச் சோதிப்பது என்பதில் தலையிட்டாள். கடைசிக் கூண்டிலிருந்து எழுபத்தைந்து பெண்களை எடுத்து, வலை கட்டிய மூன்று காகிதக் கோப்பைகளில் இருபத்தைந்து இருபத்தைந்தாக விட்டார்கள். மீதி முந்நூற்றுச் சொச்சம்தான். ஒரு கோப்பை கொசுக்காரர் கைக்கு, ஒன்று மச்சான் கைக்கு, ஒன்று வெறும் சர்க்கரைக்கு. குடித்து முடித்ததும் அவள் கோப்பைகளை வாங்கி, மறைவாக வைத்துக் கலைத்து, அ, ஆ, இ என்று எழுதி, எது யாருடையது என்பதை ஓர் உறைக்குள் போட்டு ஒட்டிவிட்டாள்.

“எதுக்கும்மா இது? என்மேல நம்பிக்கை இல்லையா?”

“உங்க கண்ணுமேல நம்பிக்கை இல்ல அங்கிள். தெரிஞ்சுட்டு எண்ணுனா நமக்குப் பிடிச்ச மாதிரி எண்ணுவோம்.”

மச்சான் இதற்குள் கையை நீட்டியபடியே அவளுக்கு ஒரு முதிர்வுத் தொகைத் திட்டத்தை விளக்கி முடித்திருந்தார். கடித்த இடத்தைத் தடவிக்கொண்டு, தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் விபத்து இழப்பீடா நோய் இழப்பீடா என்ற தொழில்நுட்ப ஐயத்தோடு கிளம்பிப் போனார்.

செவ்வாய் மாலை ‘ஆ’ கோப்பையில் பதினான்கு சாய்ந்தன. மற்ற இரண்டிலும் ஒன்றுமில்லை. கொசுக்காரருக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ‘ஆ’ என்பது சர்க்கரைக் கோப்பையாக இருந்தால் அறையிலேயே விஷம்; எல்லாம் முடிந்தது. மச்சானுடையதாக இருந்தால் மனித ரத்தமே ஆகவில்லை, அதைவிட மோசம். தன்னுடையதாக இருந்தால் தான்தான் கொலைகாரன். ஆனால் வம்சம் பிழைக்கும். தான் குற்றவாளியாக இருக்க வேண்டுமே என்று இவ்வளவு ஏக்கத்தோடு காத்திருந்த மனிதனை அந்த வளாகம் கண்டதில்லை.

புதன் காலையில் எண்ணினார்கள். ‘அ’வில் ஒன்று. ‘ஆ’வில் இருபத்துநாலு. ‘இ’யில் சைபர். அவள் உறையைக் கிழித்தாள். கிழிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு தட்டுப் புழு வளர்ந்து முடித்திருக்கும்.

“ஆ… நீங்கதான் அங்கிள்.”

“நான்தானா? நல்லாப் பாரு.”

“நீங்கதான். அ உங்க மச்சான். இ சர்க்கரை.”

கொசுக்காரர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடைபாதைக்கு ஓடினார். கொன்றது நான்தான், நான்தான் கொன்றேன் என்று அவர் ஆனந்தமாகக் கூவிக்கொண்டு போனதைக் கேட்ட துப்புரவுப் பணியாளர், வாளியை அங்கேயே விட்டுவிட்டுக் கீழ்மாடிக்கு இறங்கிப் போனார்.

பேராசிரியையின் அறை வாசலில்தான் ஆனந்தம் அடங்கியது. உள்ளே போய், சொறி, மாத்திரை, இரண்டு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். பேராசிரியை எழுந்து போய்ப் பச்சைப் பதிவேட்டை எடுத்து வந்து விரித்தார்.

“முதல் நாளே எனக்கு இந்த மாத்திரை ஞாபகம் வந்துச்சு. அதைச் சாப்பிட்டவங்க ரத்தத்தைக் குடிச்சா இந்த வகைக் கொசு சாகும்னு எவ்வளவு படிச்சிருக்கேன். நேரா வந்து இதைப் பாத்தேன். மருந்து சாப்பிடலைன்னு கையெழுத்து இருந்துச்சு. விட்டுட்டேன்.” விரலை இன்னும் கீழே இறக்கினார். “இப்பதான் கவனிக்கிறேன். வரப்போற இருபத்தஞ்சாம் தேதியும் நல்லாத்தான் இருந்திருக்கீங்க.”

அவர் தரையைப் பார்த்தார். பேராசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள். மூன்றாவது கூண்டு ஐந்து நாளாகப் பட்டினி. திட்டுவதை ஒத்திவைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தார்.

இருபத்தாறு வருடம் கொசுவைப் பற்றிப் பாடம் நடத்திய அந்த அம்மையார் அதுவரை ஒரு கொசுவுக்கும் தெரிந்து ஒரு சொட்டு கொடுத்ததில்லை. கறுப்புத் துணிக்கு அடியில் முந்நூறு பெண்கள் ஒரே நேரத்தில் இறங்கியதும் தோள் துள்ளியது.

“அசையாதீங்க மேடம். கூண்டுப் பக்கம் மூச்சு விடாதீங்க, பயந்துக்கும்.”

“எனக்கு யார் சொல்றது பயப்படாதேன்னு?”

“கொஞ்ச நேரம்தான். முதல்ல எரியும், அப்புறம் ஒண்ணும் தெரியாது. விரலை மட்டும் மடக்காதீங்க, இடுக்குல மாட்டி நசுங்கிடும்.”

இருபது நிமிடம் பேராசிரியை மாணவியாக இருந்தார். துணியை விலக்கியபோது கூண்டுச் சுவர் முழுக்கச் சிவந்த வயிறுகள் தொங்கின. கொசுக்காரர் ஒவ்வொரு மூலையாகக் குனிந்து பார்த்தார். ஒன்றுகூடப் பசியோடு இல்லை.

வியாழக்கிழமை காலையில் இன்னொன்று நடந்தது. ‘அ’ கோப்பையில் வைத்த ஈரத்தாளில் கறுப்புப் புள்ளிகள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு சிறு படகு. மச்சானின் ரத்தம் முட்டையாகிவிட்டது. பேராசிரியை அன்று மாலை கொசுக்காரரைத் தனியே அழைத்து, காரணத்தைக் குழுவிடம் சொல்ல வேண்டியதில்லை, ஆராய்ந்துவருகிறோம் என்று முடித்துக்கொள்ளலாம் என்றார். இல்லாவிட்டால் பதிவேடு வெளியே வரும். பதிவேடு வந்தால் வாகன நிறுத்தம்தான். கொசுக்காரர் தலையாட்டினார். அவருக்கும் அதுதான் சரியென்று பட்டது.

வெள்ளிக்கிழமை குழுவில் தலைவர், கணினித் துறைத் தலைவர் உட்பட ஐந்து பேர். ஐந்தாமவராகப் பராமரிப்பு அதிகாரி. அறை ஒதுக்கீடு அவருடைய இலாகாவாம். கூண்டைப் பார்த்தார்கள், உயிரோடு இருந்தது. முட்டையைப் பார்த்தார்கள், கறுப்பாக இருந்தது. எல்லாம் சுமுகமாக முடியும் தறுவாயில் பராமரிப்பு அதிகாரி ஒரு தாளை எடுத்து, ‘எவராயினும், எப்பதவியில் இருப்பவராயினும்’ என்று நிறுத்தி நிதானமாகப் படித்தார். அடிக்கோடு இருந்த இடத்தில் குரலையும் உயர்த்தினார்.

“துணைவேந்தர் ஆபீஸ்ல இருந்து கேட்டாங்க. புகை போடுற ஆளுக்கு மெமோ கொடுத்துட்டேன். ஒரு வாரமா அவருக்கு வேலை இல்ல. கைக்குழந்தைக்காரர். இப்பவாவது சொல்லுங்க, எங்க புகைதானா?”

பேராசிரியை தொண்டையைச் செருமினார். ஆராய்ந்துவருகிறோம் என்ற வாக்கியம் அவர் உதட்டு வரைக்கும் வந்திருந்தது. கொசுக்காரர் முந்திக்கொண்டார்.

“புகை இல்ல சார். நான்தான். எங்க வீட்ல எல்லாருக்கும் சொறி. மாத்திரை சாப்பிட்டேன். சாப்பிட்ட கையோட கூண்டுக்குள்ள கையை விட்டேன். மாத்திரை சாப்பிடலைன்னு ஒண்ணாம் தேதியே கையெழுத்தும் போட்டு வெச்சிருந்தேன். அந்த ஆளை இன்னைக்கே வேலைக்குக் கூப்பிட்டுக்கோங்க.”

அறையில் முதலில் கேட்டது நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம். கணினித் துறைத் தலைவர் சற்றுமுன் புரட்டிய பதிவேட்டை நினைத்துக் கைக்குட்டையைத் தேடினார். தேடிக்கொண்டே, இப்படிப்பட்ட ஒழுங்கீனம் உள்ள இடத்தை மூடிவிடுவதுதான் முறை என்றார். பேராசிரியை சட்டைக் கையை மடித்து, தடித்துச் சிவந்த முழங்கையை மேசை மேல் வைத்தார். குழுத் தலைவர் அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அறை கணினிக்குப் போனால் இந்த முட்டைகளை யார் எங்கே வளர்ப்பது? கணினித் துறைத் தலைவர் தம் முழங்கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டார்.

தீர்ப்பு எழுத்தில் வந்தது. அறை கொசுவுக்கே. கொசுக்காரர் அங்கேயே இருப்பார். ஆனால் மூன்று மாதம் கூண்டுக்குள் கை விடக்கூடாது. அவருடைய புகாரில் கேட்டிருந்தபடியே செய்திருப்பதாகக் குறிப்பும் இருந்தது. பதிவேட்டில் அன்றன்று காலையில் மட்டுமே கையெழுத்து, அதுவும் பராமரிப்பு அதிகாரியின் முன்னிலையில்.

எல்லோரும் போன பிறகு அதிகாரி மட்டும் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். கோபத்தோடு வருகிறாராக்கும் என்று கொசுக்காரர் ஒதுங்கினார். அதிகாரி இடது கை விரல் இடுக்கை வலது கைக் கட்டைவிரலால் மெதுவாகத் தேய்த்தார்.

“அந்த மாத்திரை… ஆளுக்கு எத்தனைன்னு சொன்னீங்க?”

சனிக்கிழமை விடுமுறை. விடுமுறை என்பதைக் கொசுக்கள் ஏற்றுக்கொள்ளாததால் அவர் போனார். முட்டைகளை மிதக்கவிட்ட தட்டின் மூடியை நீக்கினார். மச்சானின் படகுகள் வெடித்திருந்தன. தண்ணீரின் மேல்விளிம்பில், தூசியா உயிரா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிய அளவில், நூற்றுக்கணக்கில் புழுக்கள் கிடையாகப் படுத்திருந்தன. கையின் நிழல் விழுந்ததும் மொத்தக் கூட்டமும் சுருண்டு, ஒதுங்கி, மறுபடி மேலே வந்தது. அந்தப் பக்கம் மூன்றாவது கூண்டில் பேராசிரியையின் ரத்தம் வைத்த முட்டைகளும் தாள் நிறைய இருந்தன. உடனே மச்சானுக்குத் தொலைபேசி செய்தார்.

“மாப்ளே, பொரிஞ்சிடுச்சு. அறுநூறுக்குக் குறையாது.”

“அறுநூறா?” மச்சான் குரலைத் தாழ்த்தினார். “எப்படி இருக்காங்க அத்தான்? என் ஜாடை தெரியுதா?”

கொசுக்காரர் பூதக்கண்ணாடியைத் தட்டின் மேல் பிடித்தார். மயிரிழை போன்ற ஒவ்வொரு புழுவும் வாய்த் தூரிகையை ஆட்டி ஆட்டித் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தது.

“அப்படியே உன் ஜாடைதான். ஒருத்தரும் ஒரு நொடி வாயை மூடல.”

மச்சானுக்குப் பெருமை தாங்கவில்லை; அடுத்த தடவை எப்போது வர வேண்டும் என்று கேட்டார். மூன்று மாதத்துக்கு வாரம் ஒருமுறை என்றார் கொசுக்காரர். மச்சான் ஏணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அதைக் கேட்டுக்கொண்டிருக்க அவருக்கு நேரமில்லை. அறுநூறு வாய் காத்திருக்கிறது. அவர் தீவனத்தை இடிக்க உட்கார்ந்தார்.